அத்தியாயம் 5: ஒரு காணி, நான்கு வகைக் காசு

புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் ஆகிய ஐந்து கொம்யூன்களில் ஒரு காணி முதல் ஐந்து காணி வரை பயிர் செய்யும் குடும்பங்களை மனதில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். காணி என்றால் நம் வழக்கில் நூறு குழி, 57,600 சதுர அடி. பத்திரக் கணக்கில் ஏறக்குறைய 53 ஆர் 50 சென்டியார். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் நெல்லே போட்டாலும், ஆள்கூலி, டிராக்டர் வாடகை, உரம், அறுவடை இயந்திரம் எல்லாம் போக இவ்வளவு நிலத்தில் கையில் நிற்பது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பக்கத்து வயலில் கல் நட்டு மனை பிரிப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். நிலத்தை விற்காமல் காப்பாற்ற வேண்டுமென்றால், அறுவடை இல்லாத மாதங்களிலும் அது குடும்பத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்.

கூட்டம் போட்டால் எல்லோரும் சொல்வது "பல பயிர் போடுங்கள்" என்பதுதான். அது பாதி யோசனை. நெல், கரும்பு, மரவள்ளி என்று மூன்று பயிர் வைத்திருக்கும் ஒருவருக்கு மூன்றும் ஆண்டில் ஓரிரு முறைதான் பணம் தருகின்றன, மூன்றுக்கும் தலா ஒரே ஒரு வாங்குகிறவர்தான் என்றால், அவர் ஒற்றைப் பயிர்க்காரரை விடப் பெரிதாகப் பாதுகாப்பில் இல்லை. பயிரின் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். பணம் எந்தக் காலத்தில் வருகிறது, எத்தனை பேரிடமிருந்து வருகிறது என்ற இரண்டையும் எண்ணுங்கள்.

ஒரே ஒரு வாங்குகிறவர்

இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலையை நம்பி மண்ணாடிப்பட்டு பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் கரும்பு நட்டன. ஆலை நஷ்டத்தில் நொடித்து அரவை நின்றபோது, வெட்டிக் கொடுத்த கரும்புக்கான நிலுவைத் தொகைக்காக அவர்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. கரும்பை வெட்டிவிட்டால் வீட்டில் வைத்து விலை பார்க்க முடியாது. நாளுக்கு நாள் எடையும் சர்க்கரைச் சத்தும் இறங்கும். தூரத்து ஆலைக்கு அனுப்பினால் லாரி வாடகை தின்றுவிடும். பயிர் நன்றாக விளைந்தும் விவசாயி தோற்றது அங்கே. கரும்பு கெட்ட பயிர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளைச்சல் முழுவதையும் ஒரே ஒரு கதவு வழியாகத்தான் வெளியேற்ற முடியும் என்ற நிலையில், உங்கள் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்தப் பயிரையும் வைக்காதீர்கள்.

தமிழகத்தில் 2012இல் வெளிவந்த ஈமு கோழி மோசடியும் இதே பாடம்தான், இன்னும் கசப்பாக. குஞ்சை விற்றவரே "வளர்ந்த பறவையை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், மாதா மாதம் பணம் தருகிறோம்" என்றார். வேறு வாங்குகிறவர் எவரும் சந்தையில் இல்லை. கொங்கு மண்டலத்தில் நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் பணம் கட்டியவர்கள் பலர். இன்று அதே வாக்குறுதி மூலிகை, மரக்கன்று என்று வேறு பெயரில் உங்கள் வாசலுக்கு வரும். விதையோ குஞ்சோ கன்றோ விற்பவர் ஒருவர்தான் விளைச்சலையும் வாங்குவார் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பொருளைப் பெரிய மார்க்கெட்டிலோ தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ வேறு இருவராவது விலை கேட்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

நான்கு வகைக் காசு

ஒரு பண்ணைக்கு வரும் பணத்தை நான் நான்காகப் பிரிக்கிறேன். பால், கீரை, பூ, முட்டை தருவது அன்றாடக் காசு. அடுப்பு எரிய அது போதும், கடன் வாங்கும் கையை அது தடுக்கும். நெல், உளுந்து, மல்லாட்டை தருவது போகக் காசு. ஆடும் நாட்டுக்கோழியும் அவசரக் காசு: கல்லூரிக் கட்டணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் எந்த நாளிலும் விற்கலாம். சவுக்கும் தென்னையும் வருடம் கடந்து வரும் காசு, வீடு கட்டவும் கல்யாணத்துக்கும். நான்கும் ஒரே வருடத்தில் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். இரண்டு இருக்கும் பண்ணை மூன்றாவதைச் சேர்க்கட்டும், அது நிலைத்தபின் நான்காவதை யோசிக்கலாம்.

எதைச் சேர்ப்பது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. உங்கள் பண்ணையில் இப்போது வீணாகும் ஒன்றை அது பயன்படுத்த வேண்டும்: வைக்கோல், வரப்பு, சம்பா அறுப்புக்குப் பின் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம், வேலை இல்லாத மாதங்கள். தீவனம், மூலப்பொருள், ஆள் எல்லாவற்றையும் கடையில் வாங்கிச் செய்யும் தொழில் துணைத் தொழில் ஆகாது. அது தனி வியாபாரம். அதற்குத் தனி முதலும் தனித் துணிவும் வேண்டும்.

மாடு: கணக்குப் போட்டு வாங்குங்கள்

விளைகிற நெல்லின் எடை எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு வைக்கோலும் கிடைக்கும். கறவை மாடு ஒன்று நாளுக்கு ஐந்தாறு கிலோ வைக்கோல் தின்னும், ஆண்டுக்கு இரண்டு டன். ஆக ஒரு காணி நெல்லின் ஒரு போக வைக்கோல் ஒரு மாட்டுக்கு ஒரு வருடம் தாராளமாகக் காணும். இரண்டு போகம் நெல் போடுகிறவருக்கு இரண்டு மாடு. மூன்றாவது மாட்டுக்கு வைக்கோல் விலைக்கு வாங்க வேண்டும், லாபம் அங்கேதான் கரையத் தொடங்குகிறது. அறுவடை இயந்திரம் விட்டால் வைக்கோலை அன்றைக்கே கட்டு கட்டும் இயந்திரத்துக்கும் ஆள் சொல்லி வையுங்கள். சம்பா அறுப்பில் பனியில் கிடந்த வைக்கோலில் பூஞ்சணம் பிடித்தால் மாடும் தின்னாது, காளானுக்கும் ஆகாது.

பசுந்தீவனத்துக்கு ஒரு மாட்டுக்கு ஏழெட்டுக் குழி கம்பு நேப்பியர் புல் போதும், கோ 4 அல்லது கோ 5. நட்டு 75 நாளுக்கு மேல் முதல் அறுப்பு, அதன்பின் 45 நாளைக்கு ஒரு முறை. போர் செட்டின் வாய்க்கால் ஓரத்திலும் தொழுவம் கழுவும் நீர் ஓடும் பக்கத்திலும் நட்டால் அதற்கென்று தனியாகத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. வரப்பில் அகத்தி போடுங்கள்.

இரண்டு மாடு வாங்குவதென்றால் ஒரே நாளில் வாங்காதீர்கள். மாடு பத்து மாதம் கறக்கும், பிறகு வற்றும். இரண்டும் ஒன்றாகக் கன்று போட்டால் இரண்டும் ஒன்றாக வற்றும், அன்றாடக் காசு அன்றோடு நின்றுவிடும். முதல் மாடு வாங்கி ஐந்தாறு மாதம் கழித்து அடுத்தது. மதகடிப்பட்டு சந்தையில் வாங்கினால் கையோடு மூன்று வேளை கறந்து பார்த்து வாங்குங்கள். ஒரு வேளைக் கறவையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. பாலை முழுக்க பாண்லே சங்கத்துக்கே ஊற்றுவதா, வீடுகளுக்கும் கொடுப்பதா என்று கேட்பார்கள். பெரும்பகுதி சங்கத்துக்கு, இரண்டு மூன்று லிட்டர் வீடுகளுக்கு என்பது என் யோசனை. சங்கம் எந்த நாளும் வேண்டாம் என்று சொல்லாது. வீடுகள் நல்ல விலை தரும், ஆனால் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விடும்.

சாணத்தை விற்றுவிடாதீர்கள். கீரைப் பாத்திக்கும் பூச்செடிக்கும் அதுதான் உயிர்.

நெல்லுக்குள்ளேயே ஒரு சேர்க்கை

பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் பெறும் பாகூர் ஏரிப் பாசன வயல்களில் ஐப்பசி, கார்த்திகையில் நெல்லைத் தவிர வேறு எதுவும் நிற்காது. அங்கே காய்கறி போடச் சொல்லும் யோசனையைக் காதில் வாங்காதீர்கள். ஆனால் தை மாதம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, மெழுகுப் பதத்தில் இருக்கும் ஈரத்தில் உளுந்தைத் தெளிக்கலாம். ஏக்கருக்கு 12 கிலோ விதை, ஆடுதுறை 3 ரகம் தரிசுக்கு ஏற்றது. உழவு இல்லை, தண்ணீர் இல்லை. இயந்திரம் ஓடினால் முளை நசுங்கும் என்பது உண்மை. அதனால் இயந்திர அறுவடை செய்கிற வயலில் அறுத்தபின் ஈரம் காயுமுன் விதையுங்கள், விதையைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். எழுபது நாளில் அறுப்பு. நவரை நெல்லுக்குப் போர் தண்ணீரை இரவு பகலாக இறைப்பதை விட இது எவ்வளவோ மேல். கடலோரத்தில் போர் நீர் உப்பேறி வருவதால் இந்த மாற்றம் தண்ணீரையும் காக்கும். இந்தப் பகுதியின் 84 ஏரிகளையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999இல் தொடங்கிய திட்டம் தூர்வாரிச் சீர்செய்தது. ஏரியில் நீர் நிற்பது அந்த ஊர்ப் போருக்கும் ஊற்று. உங்கள் ஏரிச் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள்.

வில்லியனூர் பக்கத்து மூன்று ஊர்கள்

பண்ணையைப் பலவகையாக்குவது என்ற பேச்சுக்கு இந்தியா முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட முயற்சி நம் வில்லியனூர் பக்கத்தில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பிள்ளையார்குப்பம், கீழூர், சிவராந்தகம் ஆகிய ஊர்களில் உயிரிக் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. அந்த ஊர்களில் காளான், பூச்சாகுபடி, கொட்டிலில் ஆடு வளர்ப்பு, குளத்தில் மீன், கறவை மாடு என்று குடும்பத்துக்கேற்ற தொழில் சேர்க்கப்பட்டது. நிலமே இல்லாதவர்களையும் பெண்களையும் முன்வைத்துத் தொடங்கியதுதான் அதன் தனிச்சிறப்பு என்று நினைக்கிறேன். நிலமில்லாத பெண் ஒரு கொட்டகையும் வைக்கோலும் வைத்து காளான் போடலாம், குளக்கரையில் நாலு ஆடு வளர்க்கலாம். கடன், பயிற்சி, விற்பனை மூன்றும் குழுவாகவே நடந்தன. தனியாக ஒருவர் செய்யும் காளானுக்கு ஓட்டல்காரர் வாரத்துக்கு ஒரு விலை சொல்வார், பத்துப் பேர் சேர்ந்து நாள்தோறும் அளவாகக் கொடுத்தால் விலையை நீங்கள் பேசலாம்.

காளானைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் இதில்தான் ஆசையாக இறங்கி இதில்தான் சீக்கிரம் கைவிடுகிறார்கள். சிப்பிக்காளானுக்கு வைக்கோலை விரல் நீளம் நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, உலர்த்த வேண்டும். கையில் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. வித்து இட்ட படுக்கை வெள்ளை பூக்க 15 முதல் 20 நாள், பிறகு மூன்று அறுப்பு வரை கிடைக்கும். ஒரு படுக்கையின் காலம் சுமார் 45 நாள். இந்தக் கடலோர வெயிலில் பங்குனி முதல் ஆனி வரை சிப்பிக்காளான் சோர்ந்துபோகும். அந்த மாதங்களுக்கு அருப்புக்கோட்டையில் உருவான ஏபிகே 2 பால் காளான் ஏற்றது, அது வெப்பம் தாங்கும், பறித்தபின்னும் சிப்பிக்காளானை விட நாள் தாங்கும். முதலில் இருபது படுக்கைக்கு மேல் போடாதீர்கள். கூரைக்கு நாணல், தரையில் மணல், சுற்றிலும் கோணிச் சாக்கு போதும். சிமென்ட் கட்டடத்துக்குக் கடன் வாங்க வேண்டாம்.

நகரம் உங்கள் சொத்து

டெல்டா விவசாயிக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. பாகூரிலிருந்தும் திருக்கனூரிலிருந்தும் புதுச்சேரி நகருக்கு டூ வீலரில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. அந்த நகரத்தில் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு வரை சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஓட்டலுக்குக் காளானும் கீரையும் புதினாவும் கொடுப்பவர் வியாழன், வெள்ளியில் அறுப்பு வரும்படி விதைக்கும் நாளைப் பின்னோக்கி எண்ணி முடிவு செய்ய வேண்டும். சிறுகீரைக்கு 25 நாள். பத்துக் குழியை ஐந்தாகப் பிரித்து வாரத்துக்கு இரண்டு குழி விதைத்தால் ஐந்தாம் வாரத்தில் முதல் பாத்தி மறு விதைப்புக்குத் தயாராகிவிடும். மொத்தத்தையும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே நாளில் மண்டிக்காரர் சொல்லும் விலைக்குக் கொட்ட வேண்டியதுதான். ஓட்டல்கள் மாதக் கடைசியில் பணம் தரும், உழவர் சந்தையில் அன்றைக்கே கைக்கு வரும். இரண்டும் வைத்திருங்கள்.

மல்லிகையில் பணம் உண்டு, ஆனால் பூப்பறிக்க விடியற்காலையில் ஆள் வேண்டும். வீட்டில் பறிக்க எத்தனை கை இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ற செடி மட்டும் நடுங்கள். ஆள் வைத்துப் பறித்தால், விலை விழும் நாளில் பறிகூலிக்கே போதாது.

பிரான்சில் 2001இல் ஒபாஞ் என்ற ஊரில் தொடங்கிய அமாப் என்னும் முறையை நம் நகரத்துக்கு நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். அது ஜப்பானில் தோன்றிய தெய்கெய் முறையின் வழி வந்தது. நுகர்வோர் குடும்பங்கள் ஒரு போகத்துக்கான பணத்தை முன்கூட்டியே விவசாயியிடம் கட்டுகின்றன. வாரத்துக்கு ஒரு கூடை, அந்த வாரம் நிலத்தில் என்ன விளைந்ததோ அது. மழையில் அழிந்தால் நஷ்டத்தில் அவர்களுக்கும் பங்கு. லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ இருபது குடும்பங்கள் கிடைத்தால் அரைக் காணிக் காய்கறிக்குப் போதும். ஒரு மாத முன்பணத்தோடு தொடங்குங்கள், நம்பிக்கை வளர்ந்தபின் போகத்துக்கு நீட்டலாம். "இயற்கை" என்று சொல்லி விற்பதானால் ஐந்து விவசாயிகளாவது சேர்ந்து பிஜிஎஸ் பங்கேற்புச் சான்று வாங்கிவிடுங்கள். செலவு குறைவு, வாங்குகிறவர் கேள்விக்கும் பதில் இருக்கும். கடலை எண்ணெய், ஊறுகாய், பருப்புப் பொடி விற்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம்.

ஆரோவில்லில் சாலிட்யூட் பண்ணை தன் நிலத்தில் விளைவதை அங்கேயே உணவகம் வைத்துச் சமைத்துப் போடுகிறது. அன்னபூர்ணா பண்ணையில் நெல்லும் மாடும் ஒன்றையொன்று தாங்குகின்றன. போய்ப் பாருங்கள், கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஆனால் அவர்களுக்கு வாடிக்கையாளர்கள் பக்கத்திலேயே, ஒரே சமூகமாக இருக்கிறார்கள். உங்கள் ஊர் வயலில் குடில் போட்டால் மட்டும் சுற்றுலாக்காரர் வந்துவிட மாட்டார். பண்ணைச் சுற்றுலாவை நான் கடைசியில் வைப்பேன்: நல்ல கழிப்பறை, வருகிறவரோடு பேச ஆள், வண்டி நிற்க இடம் இவை இருக்கும் பண்ணைக்கு மட்டும்.

புயலுக்குக் கணக்கு வையுங்கள்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையின் பலாவையும் முந்திரியையும் தென்னையையும் ஒரே காலையில் சாய்த்தது. வருடம் கடந்து வரவேண்டிய காசு அன்றைக்குப் போனது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது நகரில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை திறந்த வெள்ளம் தென்பெண்ணையில் வந்து பாகூர் பக்கத்து வயல்களையும் வீடுகளையும் மூழ்கடித்தது. இங்கே வெள்ளமும் காற்றும் விதிவிலக்கு அல்ல. ஆட்டுக் கொட்டகையைத் தரையிலிருந்து உயர்த்திப் பரணாகப் போடுங்கள், புழுக்கையும் தனியாகச் சேரும். மழைக்கு முன் துள்ளுமாரித் தடுப்பூசி. வைக்கோலை வீட்டு மேட்டில் வையுங்கள். சவுக்கு மேட்டு மணல் நிலத்துக்கு நல்ல பயிர், மூன்று நான்கு ஆண்டில் வெட்டலாம், தன் வேரில் தழைச்சத்தையும் சேர்க்கும். ஆனால் இருப்பதெல்லாம் சவுக்காக்கி வெளியூர் வேலைக்குப் போய்விட வேண்டாம். அரைக் காணி சவுக்கென்றால் இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு பாதியாக நடுங்கள், ஒரே புயலில், ஒரே விலைச்சரிவில் எல்லாம் மாட்டாது.

குத்தகைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் பெயரில் இல்லாத நிலத்தில் தென்னை, நிரந்தரக் கொட்டகை, குழாய்ப் பதிப்பு இவற்றில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். உங்களோடு எடுத்துப்போகக் கூடியவற்றில் முதலீடு செய்யுங்கள்: ஆடு, மாடு, வீட்டுக் கொல்லையில் காளான், தேன்பெட்டி. 2019 முதல் கால்நடைக்கும் மீன் வளர்ப்புக்கும் கிசான் கிரெடிட் கார்டு கிடைக்கிறது. கந்துவட்டிக்கு முன் வங்கியை ஒரு முறை கேளுங்கள்.

எந்தத் தொழிலைச் சேர்த்தாலும் அதில் யாருடைய நேரம் போகிறது என்று எழுதிவையுங்கள். விடியற்காலை நாலரைக்குப் பால் கறந்து, சாணம் அள்ளி, சமைத்து, களை பறிக்கப் போகும் பெண்ணின் தலையில் காளானையும் ஏற்றிவிட்டு அதை லாபம் என்று கணக்கு எழுதுவது நியாயமில்லை. அவர் உழைப்புக்கும் கூலி போட்டுக் கணக்கிட்டு, அப்போதும் மிச்சம் நின்றால் மட்டுமே அது நல்ல தொழில்.

இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் தொடங்கப்பட்டது நம் புதுச்சேரியில்தான். இன்று குருமாம்பேட்டில் பெருந்தலைவர் காமராஜர் பெயரில் இயங்கும் நிலையத்துக்கு இந்தச் சொர்ணவாரி முடிந்ததும் ஒரு நாள் போய்வாருங்கள். வயலின் பல இடத்தில் எடுத்துக் கலந்த அரைக் கிலோ மண்ணையும், போர் ஓட விட்டுப் பிடித்த அரை லிட்டர் தண்ணீரையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொழில் உங்கள் நிலத்தில் நிற்கும் என்பதைப் பாதி அந்தச் சோதனையே சொல்லிவிடும். மாட்டையும் காளானையும் நாளெல்லாம் பார்க்கப்போகிறவரை, அநேகமாக உங்கள் மனைவியை, தவறாமல் உடன் அழைத்துப் போங்கள். கேள்விகளை அவர் கேட்கட்டும்.